கப்ளிங் மின்தேக்கி: வால்வு பெருக்கியில் எதை மாற்றினால் எது மாறும்?

நல்ல வால்வு பெருக்கி ஒன்றை வைத்திருப்பவர், வால்வுகளை மாற்றி மாற்றிக் கேட்டு ஓய்ந்த பிறகு, அடுத்துக் கைவைக்க நினைப்பது பெரும்பாலும், ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு இசைச் சைகையைக் கடத்தும் கப்ளிங் மின்தேக்கிகளில்தான். ஒரு சேனலுக்கு இரண்டோ நான்கோ உருப்படிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டே கால்கள். சால்டரிங் பழகிய கைக்கு ஒரு மாலைப்பொழுது வேலை. ஆனால் அதே 0.1 மைக்ரோஃபாரட் மதிப்பில் சாதாரணப் பாலியெஸ்டர் முதல், வெள்ளித் தகட்டையும் டெஃப்ளான் படலத்தையும் சேர்த்துச் சுருட்டியவை வரை விற்கப்படுகின்றன. இரு முனைகளுக்கும் இடையே விலை நூறு மடங்குக்கு மேலும் போகும். அந்த நூறு மடங்கில் காதுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்று பார்க்காமல் வாங்கப் புறப்படுவது வீண். மின்தேக்கியின் மதிப்பு, அதன் வழியே கசியும் டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்), அது பெட்டிக்குள் பொருத்தப்பட்டிருக்கும் விதம் ஆகிய மூன்றும்தான் ஒலியை முதலில் தீர்மானிக்கின்றன என்பதும், அது எந்தப் பொருளால் ஆனது என்பது அவற்றுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்பதும் என் கணிப்பு.

முதலில் அதன் வேலையைப் பார்ப்போம். ஒரு வால்வின் பிளேட்டில், அதாவது சைகை வெளியேறும் முனையில், 100 முதல் 300 வோல்ட் வரை டிசி மின்னழுத்தம் நிற்கிறது. இசைச் சைகை அதன் மேல் ஏறி ஆடுகிறது. அடுத்த வால்வின் கிரிட்டோ (சைகை நுழையும் முனை) பூச்சிய வோல்ட்டிலோ அதற்கும் கீழே எதிர் மின்னழுத்தத்திலோ இருந்தாக வேண்டும். அந்த உயர் டிசியைத் தடுத்து நிறுத்திச் சைகையை மட்டும் கடத்துவதற்காகவே கப்ளிங் மின்தேக்கி நடுவில் வைக்கப்படுகிறது. கிரிட்டிலிருந்து தரைக்குச் செல்லும் கிரிட் லீக் மின்தடையோடு சேரும்போது அது தாழ் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியாகவும் ஆகிவிடுகிறது. 0.1 மைக்ரோஃபாரட்டும் 470 கிலோஓமும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் 3.4 ஹெர்ட்ஸ்; 20 ஹெர்ட்ஸில் இழப்பு 0.12 டெசிபெல், கட்ட விலக்கம் ஏறத்தாழ 10 டிகிரி. அதே மின்தடையோடு 0.022 மைக்ரோஃபாரட் வைத்தால் வெட்டு 15.4 ஹெர்ட்ஸுக்கு ஏறி, 20 ஹெர்ட்ஸில் 2 டெசிபெல் குறைகிறது. கிட்டார் பெருக்கிகளில் இந்தச் சிறிய மதிப்பை வேண்டுமென்றே வைப்பதுண்டு. இசை கேட்கும் பெருக்கியில் அதற்கு இடமில்லை.

இந்த எளிய கணக்கிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. பொருள்களைப் பற்றிய விவாதங்களில் அது அடிக்கடி விட்டுப்போகிறது. 0.1 மைக்ரோஃபாரட்டின் மின்மறுப்பு 1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1,600 ஓம்தான். அதற்கு எதிரே 470 கிலோஓம் நிற்பதால், சைகையில் முந்நூறில் ஒரு பங்குதான் மின்தேக்கியின் இரு கால்களுக்கும் இடையே விழுகிறது. மீதி முழுவதும் அப்படியே கிரிட்டைச் சேர்கிறது. ஒரு மின்தேக்கி எவ்வளவு மோசமாக நடந்துகொண்டாலும், அதன் குறை அந்தச் சிறிய பங்கின் மீதுதான் வேலை செய்ய முடியும். பாலியெஸ்டரின் இழப்புக் காரணி (மின்தேக்கிக்குள் வெப்பமாக வீணாவதைக் காட்டும் எண்) 1 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 0.005; அதை மின்தடையாக மாற்றிப் பார்த்தால் 8 ஓம். பாலிப்ரொப்பிலீனில் அது அரை ஓம். 470 கிலோஓமுக்கு முன்னால் எட்டுக்கும் அரைக்கும் உள்ள வேறுபாடு ஒரு டெசிபெல்லில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. 20 ஹெர்ட்ஸில் நிலைமை வேறு: அங்கே மின்மறுப்பு 80 கிலோஓமாக ஏறி, சைகையில் ஆறில் ஒரு பங்கு மின்தேக்கியின் மீது விழுகிறது. ஆகவே மின்காப்புப் பொருளின் குணம் காதில் விழும் என்றால் அது அடித்தள ஒலியில்தான் முதலில் விழ வேண்டும். ஆனால் விளம்பரங்கள் பேசுவதெல்லாம் உச்ச சுரங்களின் மினுமினுப்பைப் பற்றி.

பொருளின் குணத்தை முதன்முதலில் விரிவாகப் பேசுபொருளாக்கியவர்கள் ஒலி மின்னணுவியல் எழுத்தாளர்களான வால்ட்டர் யுங்கும் ரிச்சர்ட் மார்ஷும். 1980-இல் அவர்கள் எழுதியவை மின்காப்பு உட்கவர்வைக் கவனத்துக்குக் கொண்டுவந்தன. மின்தேக்கியை முழுதும் இறக்கிவிட்ட பிறகும் உள்ளே ஒளிந்திருந்த மின்னூட்டம் சிறிது நேரத்தில் மீண்டும் தலைகாட்டும் குணத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். பாலிப்ரொப்பிலீன், பாலிஸ்டைரீன், டெஃப்ளான் ஆகியவற்றில் இது ஒரு சதவீதத்தின் சில நூறில் ஒரு பங்குகளாகவும், பாலியெஸ்டரில் அதைவிடப் பத்து மடங்கு அளவிலும் இருக்கிறது. ஆனால் இந்தக் குணத்தைச் சில சிறிய மின்தேக்கி–மின்தடைத் தொடர்களை இணையாக வைத்து வரைந்துவிடலாம். அப்படி வரையக்கூடிய ஒன்று நேரியல் தன்மையுடையது, புதிய சுரங்களை உண்டாக்காது. உண்மையான திரிபை அளந்து பார்த்தவர் சிரில் பேட்மன். 2002-ஐ ஒட்டி அவர் செய்த அளவீடுகளில் பாலியெஸ்டர் மின்தேக்கிகளின் மீது டிசி ஏறும்போது இரண்டாம் ஒத்திசைத் திரிபு (மூலச் சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணில் புதிதாகச் சேரும் சுரம்) கூடியது. பாலிப்ரொப்பிலீனில் அப்படி நேரவில்லை. கப்ளிங் மின்தேக்கியின் மீது எப்போதும் டிசி நிற்பதால், பாலியெஸ்டரைவிடப் பாலிப்ரொப்பிலீனைத் தேர்வதற்கு அளவீட்டு வழியில் கிடைக்கும் நியாயமான காரணம் இதுதான். அதே நேரம், வால்வு தானே உண்டாக்கும் இரண்டாம் ஒத்திசைக்குப் பக்கத்தில் இது எத்தனை சிறியது என்பதையும் மறக்கக் கூடாது.

கசிவின் கதை வேறு. இங்கே எண்கள் பெரியவை. பிளேட்டில் 200 வோல்ட், கிரிட் லீக் 470 கிலோஓம், மின்தேக்கியின் காப்புத்தடை 100 மெகாஓம் என்று வைத்துக்கொண்டால் கிரிட்டில் 0.94 வோல்ட் நேர் மின்னழுத்தம் ஏறிவிடுகிறது. ஈரம் உறிஞ்சிய பழைய காகித மின்தேக்கியில் காப்புத்தடை 20 மெகாஓமுக்கு இறங்கியிருந்தால் அது 4.6 வோல்ட். ஈஎல்34 போன்ற அவுட்புட் வால்வில் கிரிட் ஒரு வோல்ட் நகர்ந்தால் ஓட்டம் பத்து மில்லியாம்பியர் வரை கூடும். அமைதி நிலையில் 40 அல்லது 50 மில்லியாம்பியரில் ஓடும் வால்வுக்கு இது பெரிய சுமை, நான்கு வோல்ட் என்றால் பிளேட் சிவந்துவிடும். இரு அவுட்புட் வால்வுகள் எதிரெதிராக இயங்கும் புஷ்புல் பெருக்கியில் ஒரு பக்க மின்தேக்கி மட்டும் கசிந்தால் இரு வால்வுகளின் ஓட்டமும் சமன் இழந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புக்குள் டிசி காந்தப்புலம் தங்கிவிடுகிறது; தாழ் சுரங்கள் தளர்ந்து குழம்புகின்றன. புதிய பாலிப்ரொப்பிலீன் மின்தேக்கியின் காப்புத்தடை பல்லாயிரம் மெகாஓம். 30,000 மெகாஓம் என்று எடுத்தால் மேற்சொன்ன சுற்றில் கிரிட்டில் ஏறுவது 3 மில்லிவோல்ட்தான்.

இப்போது ஒரு பழக்கமான காட்சியை நினைத்துப் பாருங்கள். முப்பது நாற்பது ஆண்டு பழைய பெருக்கி ஒன்றில் புதிய, விலை கூடிய மின்தேக்கிகளை வைத்தவர், அடித்தளம் இறுகிவிட்டது, குரல் தெளிந்துவிட்டது, ஒலி மேடை அகன்றுவிட்டது என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை. நானும் ஒருமுறை அப்படி மகிழ்ந்து, பிறகு ஐயத்தில் பழையவற்றை வெளியே எடுத்து அளந்தபோது நான்கில் இரண்டு கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. கேட்டது பயஸ், அதாவது வால்வின் அமைதி ஓட்டத்தை நிர்ணயிக்கும் கிரிட் மின்னழுத்தம், சரியானதன் பலன். எளிய புதிய மின்தேக்கியை வைத்திருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும். ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் கசிவை அளந்துவிடுவது நல்லது: அந்த இடத்து அவுட்புட் வால்வை மட்டும் எடுத்துவிட்டு, கிரிட் முனையில் மல்டிமீட்டரால் டிசியைப் பார்க்க வேண்டும். கேத்தோடு பயஸ் (வால்வின் கேத்தோடில் உள்ள மின்தடையே பயஸைத் தருவது) என்றால் பூச்சியமும், நிலையான பயஸ் (தனி வழங்கி கிரிட்டுக்கு எதிர் மின்னழுத்தம் தருவது) என்றால் பயஸ் வழங்கியின் அதே எண்ணும் வர வேண்டும். வால்வை எடுத்துவிடுவதற்குக் காரணம், வால்வின் சொந்த கிரிட் ஓட்டமும் அந்த எண்ணைக் குழப்பும் என்பதே. உள்ளே நானூறு வோல்ட் ஓடுகிறது என்பதையும், அணைத்த பிறகும் மின்வழங்கி மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும் என்பதையும் இந்த வேலை செய்பவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இனித் தேர்வுகள். எலக்ட்ரோலைட்டிக் வகை அதன் கசிவு காரணமாகவே இந்த இடத்துக்கு ஆகாது. உயர் மதிப்புச் செராமிக் மின்தேக்கிகள் மின்னழுத்தம் ஏற ஏற மதிப்பைக் குறைத்துக்கொள்ளும், தட்டினால் ஒலி எழுப்பவும் செய்யும், அவையும் விலக்கானவை. பாலியெஸ்டர் சிறியது, மலிவானது, கசிவு குறைந்தது. முன்னே சொன்ன திரிபு கொஞ்சம் கூடுதல் என்பதைத் தவிர அதன் மேல் பெரிய குற்றம் இல்லை. பலர் ஒரே பொருள் என்று நினைத்து வாங்கும் ஆரஞ்சு நிற ஸ்பிரேக் ஆரஞ்ச் டிராப்களில் 225பி பாலியெஸ்டர், 715பி மற்றும் 716பி பாலிப்ரொப்பிலீன். நிறத்தை மட்டும் பார்த்து ஒப்பிட்டு எழுதப்பட்ட கேட்டல் குறிப்புகளை அதனால் நம்பிவிடக் கூடாது.

பாலிப்ரொப்பிலீன்தான் இன்றைய நடுநிலைத் தேர்வு, என் கருத்தில் பெரும்பாலோருக்கு முடிவும் அதுவே. அதில் இரண்டு கட்டமைப்புகள் உண்டு. உலோகப் பூச்சு வகையில் படலத்தின் மேல் சில பத்து நானோமீட்டர் தடிமனுக்கு உலோக ஆவி படிய வைக்கப்படுகிறது. ஓரிடத்தில் காப்பு உடைந்தால் அந்த இடத்துப் பூச்சு ஆவியாகி மின்தேக்கி தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். தகட்டு வகையில் தனி உலோகத் தகடும் படலமும் சேர்த்துச் சுருட்டப்படுகின்றன. உருவம் பெரிது, ஆற்றிக்கொள்ளும் திறன் இல்லை, உள்தடை குறைவு, பெரிய ஓட்டத்தைத் தாங்கும். பின்னதுதான் உயர்ந்தது என்று சொல்வோர் அதிகம். ஆனால் இந்த இடத்தில் ஓடும் ஓட்டம் என்ன? 20 வோல்ட் சைகையை 470 கிலோஓமுக்குள் செலுத்தினால் 43 மைக்ரோஆம்பியர். இதற்குத் தகட்டின் தாங்குதிறன் தேவையே இல்லை. தகட்டு வகையை நான் விரும்புவது வேறு காரணத்துக்காக: இறுக்கமாகச் சுருட்டப்பட்டால் அது அதிர்வுக்கு அசையாது, அருகில் ஒலிபெருக்கி முழங்கும் அறையில் அது ஒரு நன்மை.

பாலிஸ்டைரீன் அளவீடுகளில் அழகானது. ஆனால் 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது தாங்காது, சால்டரிங் சூடே அதைக் கெடுத்துவிடும். வால்வுகளின் வெப்பத்துக்கு நடுவே அதை வைக்க நான் தயங்குவேன். டெஃப்ளான் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும், கசிவு மிக மிகக் குறைவு. அதன் மின்காப்பு மாறிலி 2.1 மட்டுமே, பாலியெஸ்டருக்கு அது 3.3. ஆகவே அதே மதிப்புக்கு உருவம் பெருக்கிறது, சில டெஃப்ளான் மின்தேக்கிகள் வால்வைவிடப் பெரியவை. சோவியத் காலத்து எஃப்டி-3 வகை இன்றும் தேடப்படுகிறது. டெஃப்ளான் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடினால்தான் பழகும் என்ற பேச்சைப் பொறுத்தவரை, அத்தனை மணி நேரத்தில் பழகுவது காதா மின்தேக்கியா என்பதைப் பிரித்தறியும் வழியில்லாமல் அதை ஏற்பதற்கில்லை.

எண்ணெயில் ஊறிய காகித வகையைத்தான் உயர்தர வால்வு உலகம் உணர்ச்சியோடு பேசுகிறது. செம்பு அல்லது வெள்ளித் தகடு, காகிதம், எண்ணெய். குரல்களுக்கு வெதுவெதுப்பும் நடுச் சுரங்களுக்குச் செறிவும் தருகிறது என்பது இதற்கு உள்ள பெயர். இழப்புக் காரணியில் இது பாலியெஸ்டருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இதன் உயிர் முழுவதும் அடைப்பில் இருக்கிறது: ஈரம் நுழையாதபடி உலோகக் குடுவைக்குள் அடைத்த சோவியத் கே40ஒய்-9 போன்றவை நெடுங்காலம் நல்ல நிலையில் இருக்கின்றன, மெழுகு பூசிய பழைய காகித வகைகள் இன்று ஏறத்தாழ அனைத்தும் கசிகின்றன. பழைய இருப்பில் வாங்குபவர் ஒவ்வொன்றையும் அதன் இயங்கு மின்னழுத்தத்தில் கசிவுச் சோதனை செய்யாமல் வைக்கக் கூடாது. சில பழைய எண்ணெய் மின்தேக்கிகளுக்குள் நச்சுத்தன்மை கொண்ட பாலிகுளோரினேட்டட் பைஃபினைல் இருக்கலாம். ஒழுகுவதைத் தொடாதீர்கள், திறந்து பார்க்கவும் வேண்டாம்.

பொருளை முடிவு செய்தவர் அடுத்துச் செய்யும் தவறு மதிப்பைக் கூட்டுவது. பெரிய மின்தேக்கி, பெரிய அடித்தளம் என்ற எண்ணத்தில் 0.1 இருந்த இடத்தில் 0.47 அல்லது 1 மைக்ரோஃபாரட் வைத்துவிடுகிறார்கள். சைகையின் உச்சத்தில் அவுட்புட் வால்வின் கிரிட் நேர் பக்கம் போனால் அது ஓட்டம் இழுத்து மின்தேக்கியை ஏற்றிவிடும். உச்சம் கடந்த பிறகும் அந்த மின்னூட்டம் கிரிட் லீக் வழியே இறங்கும்வரை வால்வு பாதி மயக்கத்தில் கிடக்கும். 0.1 மைக்ரோஃபாரட்டும் 470 கிலோஓமும் என்றால் அந்த நேர மாறிலி 47 மில்லிசெகண்ட்; 1 மைக்ரோஃபாரட் என்றால் ஏறத்தாழ அரை செகண்ட். ஒரு மிருதங்க அடியின் உச்சத்தில் பெருக்கி தடுக்கி விழுந்தால், அடுத்த பல அடிகள் மங்கிப்போகும்.

வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளீட்டுக்கே எதிராகத் திருப்பிக் கொடுக்கும் எதிர்ப் பின்னூட்டம் உள்ள பெருக்கியில் ஆபத்து இன்னும் கூடுதல். பின்னூட்ட வளையத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கப்ளிங் மின்தேக்கியும் தாழ் அதிர்வெண்ணில் கட்டத்தை நகர்த்துகிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் தூண்டலும் தன் பங்குக்கு நகர்த்துகிறது. இவை ஓரிடத்தில் குவிந்தால் பெருக்கி படகு மோட்டாரைப் போல ‘டப் டப்’ என்று தானே அதிரத் தொடங்கும். 1947-இல் வெளியான வில்லியம்சன் பெருக்கிச் சுற்றில் முதல் வால்வும், சைகையை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் கட்டப் பிரிப்பு வால்வும் மின்தேக்கி இல்லாமலே நேராக இணைக்கப்பட்டிருப்பதில், வளையத்துக்குள் ஒரு நேர மாறிலி குறைகிறது. 1959-இல் வந்த டைனாகோ ஸ்டீரியோ 70 பெருக்கியில் 0.1 மைக்ரோஃபாரட்டும் 270 கிலோஓமும் சேர்ந்து 6 ஹெர்ட்ஸில் வெட்டுவதையும் அதன் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வரைபடத்தில் உள்ள மதிப்பையே வைக்க வேண்டும். ஆற்றல் வால்வின் கிரிட் லீக்கை 50 அல்லது 100 கிலோஓம் என்று சிறிதாக வைக்க வேண்டிய சுற்றுகளில் மட்டுமே பெரிய மதிப்புக்கு நியாயம் இருக்கிறது. அதையும் வடிவமைத்தவரே வைத்திருப்பார்.

மின்னழுத்தத் தாங்குதிறனில் சிக்கனம் வேண்டாம். பெருக்கியைப் போட்டவுடன் வால்வுகளின் இழை சூடேறும் முன் பிளேட்டில் ஓட்டம் இல்லாததால், மின்வழங்கியின் முழு மின்னழுத்தமும் கப்ளிங் மின்தேக்கியின் மேல் விழுகிறது. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வாக இல்லாமல் குறைகடத்தி டயோடாக உள்ள பெருக்கியில் இது ஒவ்வொரு முறையும் நடக்கும். இயங்கும்போது 200 வோல்ட்தானே என்று 250 வோல்ட் வகையை வைத்தால் ஒரு நாள் அவுட்புட் வால்வோடு சேர்ந்து போகும். 600 அல்லது 630 வோல்ட் வகைகளே இங்கே வழக்கம்.

பெரிய உருவத்துக்கும் ஒரு விலை உண்டு, அது சேசிஸுக்குள் கொடுக்க வேண்டியது. சேசிஸின் தகட்டை ஒட்டிக் கிடக்கும் பெரிய மின்தேக்கியின் உடலுக்கும் தகட்டுக்கும் இடையே 50 பிக்கோஃபாரட் தேறினால், ஈசிசி83 வால்வின் பிளேட் பக்கத்து ஏறத்தாழ 40 கிலோஓம் மூலத்தடையோடு சேர்ந்து 80 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு வெட்டு உருவாகிறது. தனியாக அது தீங்கற்றது. ஆனால் பின்னூட்ட வளையத்துக்குள் ஏற்கெனவே உள்ளவற்றோடு சேரும்போது உயர் அதிர்வெண் நிலைத்தன்மையை அசைத்துப் பார்க்கும். எல்லாச் சுருள் மின்தேக்கிகளிலும் ஒரு கால் வெளித் தகட்டோடு சேர்ந்திருக்கும். அதை முந்திய வால்வின் பிளேட் பக்கம், அதாவது தடை குறைந்த பக்கம் இணைத்தால் வெளித்தகடு கவசமாகி ஹம் (மின்கம்பியிலிருந்து வந்து சேரும் ரீங்காரம்) குறையும். எந்தக் கால் அது என்பது பல வகைகளில் குறிக்கப்பட்டிருப்பதில்லை. மின்தேக்கியை விரல்களால் பற்றிக்கொண்டு இரு கால்களையும் மாற்றி மாற்றி ஆசிலோஸ்கோப்பில் இணைத்துப் பார்த்தால், வெளித்தகட்டுக் கால் தரையில் இருக்கும்போது ஹம் குறைவாகத் தெரியும். ஒரு பைசாச் செலவில்லாத இந்த வேலை, பல நேரம் விலையுயர்ந்த மாற்றத்தைவிடத் தெளிவாகக் காதுக்குத் தெரிகிறது.

மின்தேக்கியையே விட்டுவிடுவதும் ஒரு வழி. 1930 வாக்கில் லாஃப்டின், வைட் என்ற இரு பொறியாளர்கள் பெயர்பெறச் செய்த நேரடி இணைப்புச் சுற்று அப்படிப்பட்டது. அங்கே ஒரு வால்வு தளர்ந்தால் அடுத்ததும் இழுபடும், மின்வழங்கியும் உயர வேண்டும். இடைநிலை டிரான்ஸ்ஃபார்மர் இன்னொரு வழி. ஆனால் மின்தேக்கியின் குறையைவிட அந்த இரும்பின் குறை பெரியது. கையில் இருக்கும் பெருக்கியை மேம்படுத்த நினைப்பவருக்கு இவை இரண்டும் புதிய பெருக்கி கட்டுவதற்குச் சமம்.

பழைய, பின்னூட்டம் உள்ள புஷ்புல் பெருக்கி என்றால் அதே மதிப்பில், 630 வோல்ட் தாங்கும், உருவம் சிறிய உலோகப் பூச்சுப் பாலிப்ரொப்பிலீனை வைத்துவிட்டு மீதப் பணத்தை நல்ல வால்வுகளுக்கு ஒதுக்குவேன். பின்னூட்டம் இல்லாத, ஒரே அவுட்புட் வால்வு முழுச் சைகையையும் சுமக்கும் சிங்கிள் எண்டட் 300பி வகைப் பெருக்கியில், சுற்றில் இருப்பதே ஓரிரு மின்தேக்கிகள் என்பதால், தகட்டு வகைப் பாலிப்ரொப்பிலீனுக்கும் புதிய எண்ணெய்க் காகிதத்துக்கும் இடையே கேட்டுத் தேர்வதில் தவறில்லை. டெஃப்ளானை நான் பரிந்துரைப்பது, மிகச் சூடான இடத்தில், சிறிய மதிப்பில், கசிவு அறவே கூடாது என்ற நிலையில் மட்டுமே.

அப்படிக் கேட்டுத் தேர்வதென்றால் நினைவை நம்பிக் கேட்காதீர்கள். கழற்றி மாட்டும் ஒரு மணி நேரத்தில் காது முந்தையதை மறந்துவிடும். இடது சேனலில் ஒரு வகையையும் வலது சேனலில் மற்றொன்றையும் வைத்து, மோனோ பதிவு ஒன்றை இரு சேனல்களுக்கும் சமமாகக் கொடுத்து, ஒரே ஒரு ஒலிபெருக்கியை இரு சேனல்களுக்கும் இடையே மாற்றிக் கேட்பது எளிய முறை. மாற்றும் முன் ஒலிபெருக்கியின் முனையில் இரு சேனல்களின் மின்னழுத்தத்தையும் அளந்து 0.1 டெசிபெல்லுக்குள் சமன் செய்துவிட வேண்டும், ஏனெனில் சற்றே உரத்தது எப்போதும் நல்லதாகக் கேட்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பெருக்கியை அணைத்துவிடவும் வேண்டும். வால்வுகளையும் ஒருமுறை இடம் மாற்றிப் பார்த்தால் அவற்றின் வேறுபாடு கணக்கிலிருந்து நீங்கும். எந்தச் சேனல் ஓடுகிறது என்பதைச் சொல்லாமல் வேறொருவர் மாற்றித்தர, பத்து முறையில் ஐந்தாறு முறைதான் சரியாகச் சொல்ல முடிகிறது என்றால், இரு சேனல்களிலும் மலிவானதையே வைத்து அடிமூடியைத் திருகிவிடலாம்.